மரத்துக்குள் நின்ற கங்காணி

அக்கிராசனம் வகித்து, கையில் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, ஆனால் அதைப் பாராமலே அமர்ந்திருக்கும் பெருந்தகை, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் திரு. கார்த்திகேசு அவர்களே! சென்ற வருஷம் நாங்கள் செய்ததையெல்லாம் மன்னித்து, மறுபடியும் கப்பலேறிச் சென்னையிலிருந்து வந்திருக்கும் கணிதப் பேராசிரியர் திரு. இராமசாமி அவர்களே! ரங்கூனிலிருந்து வந்து, ஒளியைப் பற்றிப் பேசி, எங்களை மேலும் இருட்டில் விட்டுச் சென்ற பௌதிக விரிவுரையாளர் திரு. அபுபக்கர் அவர்களே! அறிவுப் பசிக்கு நாங்கள் பொறுப்பேற்றபோது மற்றப் பசிக்குத் தாம் பொறுப்பேற்ற சாப்பாட்டுக்கடை ஹுசைன் அவர்களே! பீடோரிலிருந்தும் காம்பாரிலிருந்தும் லாரியேறி வந்த பெரியோர்களே! புந்தோங்கிலிருந்து நடந்தே வந்து, லாரியில் வந்தவர்களுக்கு முன்னால் இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே! அவர்கள் மடியில் உறங்கி, என் பேச்சுக்கு உரிய மதிப்பை இப்போதே அளித்துக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

விளிப்பு இத்துடன் முடிந்தது.

என்ன அங்கே சலசலப்பு? "கங்காணியார் பேரை விட்டுட்டீங்க" என்கிறீர்களா? விடவில்லை ஐயா. இன்றைய பேச்சு முழுவதும் அவர் பேர்தான். போதும் போதும் என்று அவரே சொல்லும்வரை சொல்லப்போகிறேன். பொறுத்திருங்கள்.

சபையோரே! நமது கணித பௌதிக ஆராய்ச்சிக் கூடலின் இரண்டாம் வருஷத் தொடக்க விழா இது. காரியதரிசி என்ற முறையில் சென்ற வருஷத்து நடவடிக்கைகளை நான் படிக்க வேண்டுமாம். கையில் பதினெட்டுப் பக்க அறிக்கை இருக்கிறது. அதில் "சிறப்பாக நடந்தேறியது" என்ற சொற்கள் இருபத்திரண்டு இடங்களில் வருகின்றன. அவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. ஆகையால் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கூடல் எதற்காக? ஈப்போவில் ஈயம் இல்லையா? இருக்கிறது. ரப்பர் இல்லையா? எங்கு திரும்பினாலும் அதுதான். கோவில் இல்லையா, பள்ளிவாசல் இல்லையா, பஜனை மடம் இல்லையா? எல்லாம் இருக்கின்றன. எது இல்லை? "நீ எழுதியது தப்பு" என்று காரணத்தோடு சொல்ல ஓர் ஆள் இல்லை!

கைதட்ட வேண்டாம். நான் சொல்வது ஒரு துக்கச் செய்தி.

பீடோருக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நல்லம்மாள் என்றொரு ஆசிரியை. அதோ, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்ததே அதற்காகத்தான். நான்கு வருஷமாக அவள் மனத்தில் ஒரு கேள்வி. ரப்பர் மரங்கள் எப்படி நிற்கின்றன? மரத்துக்கு மரம் இருபதடி, நிரைக்கு நிரை இருபதடி, சதுரம் சதுரமாக. மரம் கன்றாக இருக்கும்போது, தோட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு எல்லைவரை தெரிகிறது. மரம் பருக்கப் பருக்கப் பார்வை குறுகுகிறது. அப்படியானால் மரம் எவ்வளவு பருத்ததும், நடுவில் நிற்பவரின் பார்வை எந்தத் திசையிலும் எல்லையை எட்டாமல் போகும்?

தோட்டத்தின் நடுவில் நிற்பவர் யார்? கங்காணி. வேலையாட்களை மேய்க்கும் அவர் பார்வை போகாத இடத்தில் இருப்பவர் யார்? சிரிக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியும்.

யாரது? இருளாயி அம்மாவா? "அந்த எடம் எதுன்னு மட்டும் சொல்லுங்கம்மா, மத்தது வேணாம்" என்கிறார். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலில் இருபது வருஷம் இருப்பவர். நான் சொல்ல வேண்டியதை அவர்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

நல்லம்மாள் நான்கு வருஷம் உழைத்து விடையையும் நிரூபணத்தையும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி என்னிடம் கொண்டுவந்தாள்.

"அக்கா, இது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லிடுங்க. சரின்னா சந்தோஷம். தப்புன்னா இன்னும் சந்தோஷம், இத்தோட விட்டுட்டுத் தூங்குவேன்" என்றாள்.

நான் சென்னையில் பட்டம் பெற்றவள். இருபத்து மூன்று வருஷம் கணிதம் கற்பித்தவள். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் எனக்குச் சரியாகவே பட்டது. ஆனாலும் "சரி" என்று நான் எழுதித் தரவில்லை. எனக்குத் தப்பு தெரியவில்லை என்பதும் அதில் தப்பு இல்லை என்பதும் ஒன்றா? அதைத் தீர்த்துச் சொல்ல இந்தப் பேராக் மாநிலம் முழுவதும் தேடினேன், ஆளில்லை. ஆளை வரவழைப்போம் என்று தோன்றியது. ஒருத்திக்காக அழைப்பதை ஊருக்காக அழைப்போம், ஏழு நாள் கூடி ஆராய்வோம் என்று வாசகசாலைக் கமிட்டிக்கு எழுதினேன்.

அது நான் செய்த முதல் தவறு. கமிட்டிக்கு எழுதினால் கமிட்டி கூடும்.

"ஏழு நாளா?" என்று நம் தலைவர் அவர்கள் கண்கள் ஒளிர எழுந்தார். "அப்போ ஏழு மண்டகப்படி!"

திருவிழாவில் நாளுக்கு ஒருவர் உபயம் ஏற்பார். அன்றைய முதல் மரியாதை அவருக்கு. அது நமது வழக்கம். கடவுளுக்குப் பொருந்தும் வழக்கம் கணிதத்துக்கும் பொருந்தும் என்பது கமிட்டியின் துணிபு. நான் ஒருத்தி மட்டும் ஆட்சேபித்தேன். "டீச்சரம்மா ஆட்சேபித்ததும் சிறப்பாக நடந்தேறியது" என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

சபையோரே, அதற்குப் பிறகு நடந்தது என்ன? மாலை! மரியாதை! மேளம்! காலை எட்டுக்கு ஆராய்ச்சி என்று அச்சடித்திருந்தோம். எட்டுக்கு நாதசுரம். எட்டரைக்கு உபயக்காரருக்குப் பரிவட்டம். ஒன்பதுக்கு அவர் தம்பிக்கு மாலை. ஒன்பதேகாலுக்கு, அந்தத் தம்பிக்கு மாலை போட்டபோது தனக்கு ஏன் போடவில்லை என்று கேட்ட மைத்துனருக்கு மாலை. பத்துக்குப் பலகாரம். "ஐயா, சோறும் ஆறுது, அறிவும் ஆறுது, எதையாவது ஒண்ணைச் சுடச்சுடப் பரிமாறுங்க லா" என்று ஹுசைன் அவர்கள் வாசலில் நின்று மன்றாடியது எனக்கு மட்டுமா கேட்டது?

உபயக்காரர்களின் எதிர்பார்ப்பு மட்டும் சாமானியமா? மூன்றாம் நாள், அபுபக்கர் அவர்கள் ஒளியைப் பற்றி விளக்கினார். ஒளி அலையைப்போல நடக்கிறது, துகளைப்போலவும் நடக்கிறது, ஐரோப்பாவிலே இன்றும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். அன்றைய உபயக்காரர் ஜவுளி வியாபாரி. எழுந்தார்.

"அதெல்லாம் சரிங்க. இன்னிக்கி என் மண்டகப்படி. அலையா துகளா, ரெண்டுல ஒண்ணு முடிவாச் சொல்லிட்டுத்தான் நீங்க மேடைய விட்டு எறங்கணும். நாளைக்கி அந்தச் சீன முதலாளி தவுக்கே நாள்ல சொன்னீங்கன்னா எனக்கு மரியாதையா?"

அபுபக்கர் அவர்கள் பண்பாளர். "உங்க நாள்ல அலைன்னே வச்சுக்கலாம், முதலாளி" என்று இறங்கிவிட்டார். ஆக, உலகமே தடுமாறிய ஒரு விஷயம் ஈப்போவில் ஒரு புதன்கிழமை மட்டும் தீர்ந்திருந்தது.

இப்போது ஆறாம் நாளுக்கு வருகிறேன். கங்காணி மாயாண்டி அவர்களே, நிமிர்ந்து உட்காருங்கள்; உங்கள் நாள்.

நல்லம்மாள் இருக்கும் அதே தோட்டத்துக் கங்காணி இவர். அவளுடைய கேள்வி தம்மைப் பற்றியது என்று கேள்விப்பட்டதும், "எங்க தோட்டத்துக் கணக்கு, எங்க நாள்லதான் எறங்கணும்" என்று ஆறாம் நாளை அடித்துப் பேசி வாங்கினார். துரையிடம் நின்று நல்லம்மாளுக்கு ஒரு நாள் விடுப்பும் வாங்கித் தந்தார். ஒரே ஒரு நாள். அன்றுதான் பேராசிரியர் பதினோரு மணி ரயிலில் ஊர் திரும்ப வேண்டிய நாள். பிறை ஸ்டேஷனில் இறங்கினால் சாயங்காலம் பினாங்கில் கப்பல். ஏழாம் நாளுக்கு அவர் இல்லை. சபையோரே, புரிகிறதா? நான்கு வருஷத்துக் கேள்விக்கு அவளுக்குக் கிடைத்தது காலை எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருந்த நேரம்.

அந்த நேரத்தில்தான் கங்காணியார் தம் அன்பையெல்லாம் கொட்டினார். இரண்டு நாதசுரம், நான்கு தவில். ஆளுக்கொரு மாலை போதாதென்று கரும்பலகைக்கும் ஒரு மாலை. மாலை மட்டுமா? கரும்பலகையின் குறுக்கே மூன்று விரலால் விபூதிப் பட்டை. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்! யார் துடைப்பது? எந்தத் துணிச்சல்காரர் துடைப்பது? பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் கடிகாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்.

நல்லம்மாளுக்குப் பலகை கிடைத்தபோது மணி பத்து ஐந்து.

அவள் பலகையை ஒரு கணம் பார்த்தாள். துடைக்கவில்லை. "இந்தப் பொட்டு இருக்குல்ல, இதுதான் கங்காணி நிக்கிற எடம்" என்றாள். குங்குமத்தைச் சுற்றி, சதுரம் சதுரமாகச் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மரம். கோடுகள் பொட்டிலிருந்து கிளம்பி மரங்களில் மோதி நின்றன. மேளக்காரர்கள்கூட வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பத்து முப்பத்தைந்துக்கு, "ஆகவே, எந்தத் திசையிலும் பார்வை வெளியே போகாது" என்று முடித்தாள்.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். பிற்பாடு அவரே சொன்னார், ஆறு நாள் மேளத்துக்குப் பிறகு கிடைத்த முதல் அமைதியை அனுபவித்துக்கொண்டிருந்தாராம்.

அப்போது ஒரு குரல்.

"டீச்சரம்மா, ஒரு சின்ன சந்தேகம்."

யார்? சாட்சாத் கங்காணி மாயாண்டி!

"சொல்லுங்க கங்காணி" என்றாள் நல்லம்மாள்.

"எல்லாப் புள்ளியிலயும் மரம் நிக்குதுன்னு சொன்னீங்க. சதுரம் தப்பாம வருது. அப்ப பொட்டு இருக்கிற புள்ளியிலயும் மரந்தானே நிக்கணும்? அங்க என்னைய நிக்க வச்சுட்டீங்களே. நான் எப்படி அம்மா மரத்துக்குள்ள நிப்பேன்?"

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நான் நடக்கிறது நிரைக்கு நடுவுல. அங்க நின்னு நேரா பாத்தா, மரம் எவ்வளவு பருத்தா என்ன, ரெண்டு நிரைக்கும் நடுவுல கடைசி வரைக்கும் தெரியுமே? துரை காரு வர்றதையே நான் அப்படித்தான் பாப்பேன்."

பேராசிரியர் கண் திறந்தார். பலகையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். "அவர் சொல்வது சரி" என்றார்.

அந்த மூன்று சொல்லில் நான்கு வருஷம் விழுந்தது. மூன்று முறை படித்த என் பட்டமும் அதன்மேல் விழுந்தது. ஒரு மனிதரை மரத்துக்குள் நிறுத்திவிட்டு, அவருக்கு வெளியே தெரியவில்லை என்று நிரூபித்திருக்கிறோம்! அதைக் கணிதம் என்று மூன்று முறை நான் தலையாட்டியிருக்கிறேன்!

நல்லம்மாள் அழுதாளா என்று கேட்கிறீர்களா அம்மா? இல்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதவர் கங்காணி.

"ஐயோ! என் மண்டகப்படியில நானே சாமியக் கீழ போட்டுட்டேனே!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கித் தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு எப்படி நிப்பேன்? எல்லார் நாளும் நல்லா நடந்துச்சு, கங்காணி நாள்ல கணக்கு செத்துச்சுன்னு சொல்லுவானுங்களே!"

"சாகவில்லை" என்று பேராசிரியர் ஏதோ சொல்ல எழுந்தார். எழுந்தவரைக் கண்டதும் நம் தலைவர், அவர் விடைபெற எழுந்தார் என்று எண்ணி, வழியனுப்பு உரையைத் தொடங்கிவிட்டார். முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவர். ஒரு வண்டியையும் ஒரு நிமிஷம் தாமதமாக அனுப்பாதவர். அன்று இமயம் முதல் ஈழம் வரை, ஈழம் முதல் ஈப்போ வரை ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று பேசினார். அவர் நன்றி கூறி அமர்ந்தபோது, ஸ்டேஷன் பக்கமிருந்து ஓர் ஊதல் கேட்டது.

"அது பதினோரு மணி வண்டி" என்றார் தலைவர், பழக்க தோஷத்தில். "சரியான நேரத்துக்குப் போகுது."

அப்போது எழுந்தார் மாயாண்டி! கண்ணைத் துடைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார். "பொறப்பட்ட சாமி பாதித் தெருவுல நிக்கக்கூடாது. நெலை சேத்தே ஆகணும். எங்கடா லாரி?"

ரப்பர் ஷீட் ஏற்றும் தோட்டத்து லாரி வெளியே நின்றது. அதில் ஏறியவர் பேராசிரியர். ஏறியவள் நல்லம்மாள். துணைக்கு ஏறியவள் நான். முன்னால் ஏறியவர் மாயாண்டி. ஏற்றப்பட்டது கரும்பலகை, மாலையோடும் விபூதியோடும் பொட்டோடும்! பிறை நோக்கிப் புறப்பட்டோம். அப்படி ஓர் ஆராய்ச்சி அரங்கம் சென்னையில் உண்டா? ரங்கூனில் உண்டா? குலுங்கக் குலுங்க நடந்தது. எழுதிய கோடு பள்ளத்தில் இறங்கினால் வளைந்தது. மேட்டில் ஏறினால் முறிந்தது.

வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்? பூமாலை, திருநீறு, குங்குமம், முன்னால் வேட்டி கட்டிய பெரியவர். சுங்கை சிப்புட்டில் இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கடை வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு ஒருவர் ஓடிவந்தார்.

"எந்தக் கோயில் சாமிண்ணே?"

"கணக்குச் சாமி. அடிச்சா என்னையே அடிக்கும். ஓரமாப் போப்பா" என்றார் மாயாண்டி.

பேராக் ஆறு குறுக்கே வந்தது. மிதவைப் பாலத்தைத் திறந்து, ஆற்றில் மிதந்து வந்த மூங்கில் கட்டுகளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி நின்றது. ஆறு நாளில் முதல் முறையாக, மேளமில்லாத, மாலையில்லாத, தலைவரில்லாத முப்பது நிமிஷம் கிடைத்தது. தலைவர் மன்னிக்க வேண்டும்.

"ஒரு மரத்த வெட்டிட்டு அந்த எடத்துல நான் நின்னா, டீச்சரம்மா சொன்னது நிக்குமா ஐயா?" என்று மாயாண்டி கேட்டார்.

"நிற்கும். அந்த அளவுக்கு அது சரிதான்."

"எந்த மரம்னு சொல்லுங்க. நாளைக்கே வெட்டுறேன்."

"துரை உங்களை வெட்டிவிடுவார்" என்றார் பேராசிரியர். பிறகு நல்லம்மாளிடம் திரும்பினார். "அதைவிட இவர் கேட்டதே நல்ல கேள்வி அம்மா. நிரைக்கு நடுவில் நேராக ஒரு சந்து. குறுக்கே பார்த்தால் இன்னும் சில சந்துகள். மரம் பருக்கப் பருக்க ஒவ்வொன்றாக அடைபடும். இன்ன பருமனுக்கு எத்தனை சந்து திறந்திருக்கும்? எண்ணிப் பார்த்தீர்களா?"

நல்லம்மாள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். பிறகு என்னிடம், "அக்கா, பென்சில் இருக்கா?" என்றாள்.

அவ்வளவுதான், சபையோரே. நான்கு வருஷம் பறிபோனவள் கேட்டது அவ்வளவுதான். "விட்டுட்டுத் தூங்குவேன்" என்று சொன்னவள் அதற்குப் பிறகு ஒரு வருஷம் சரியாகத் தூங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

பேராசிரியர் கப்பலைப் பிடித்தார். கரும்பலகை திரும்பி வந்தது. பொட்டு இன்னும் இருக்கிறது. அதோ மேடையில் பாருங்கள். துடைக்க இன்றும் ஆளில்லை.

நான் எளிதில் நம்புகிறவள் அல்ல. கூட்டத்தை நம்பமாட்டேன், கைதட்டலை நம்பமாட்டேன், என் அறிக்கையை நானே நம்பவில்லை என்று முன்பே சொன்னேன். ஆனால் ஆறாம் நாள் பத்து முப்பத்தைந்தை நம்புகிறேன். ஆறு நாள் நாம் ஒருவரை ஒருவர் புகழ்ந்தோம். புகழ்ச்சியால் ஒரு கோடு நீண்டதா? ஒரு புள்ளி கூடியதா? ஒரு மனிதர் எழுந்து, "அது எப்படி அம்மா?" என்று கேட்டார், அன்றுதான் கூடல் பிறந்தது! மாலை போட ஊரில் ஆயிரம் பேர் உண்டு. தப்பைக் காட்ட ஒருவர் வேண்டும். பகைத்துக் காட்டுபவர் அல்ல. பழித்துக் காட்டுபவர் அல்ல. காட்டிவிட்டுக் கூடவே லாரியில் ஏறுபவர்! அப்படி ஒருவர் உள்ள ஊர் கல்வியுள்ள ஊர். அப்படி ஒருவர் இல்லாத ஊர், பட்டம் பெற்ற நான் இருந்தும், இருட்டில் இருந்த ஊர்!

இந்த வருஷம் கமிட்டியில் ஒரே சண்டை. எந்த நாளுக்கு? ஆறாம் நாளுக்கு! ஜவுளி வியாபாரி கேட்கிறார். பால் வியாபாரி கேட்கிறார். "அது கங்காணி தப்பு கண்டுபுடிச்ச நாளு. அது பரம்பரைக்கும் என் மண்டகப்படி" என்று மாயாண்டி மேசையில் அடிக்கிறார். ஆகையால் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். அது நிறைவேறிவிட்டது, எனக்கே வியப்பு. இவ்வருஷம் முதல் மரியாதை உபயக்காரருக்கு இல்லை. யார் எழுந்து தப்பைக் காட்டுகிறாரோ, மாலை அவருக்கு. அதுவும் சாயங்காலம், பலகையில் இடமில்லாமல் எழுதி முடித்த பிறகு.

முதல் உரை நல்லம்மாளுடையது. திறந்த சந்துகளை எண்ணிவிட்டதாகச் சொல்கிறாள். பேராசிரியருக்கு இம்முறை ரயில் ஒன்பது நாள் கழித்துத்தான். நானும் அவள் எழுதியதை நான்கு முறை படித்தேன். ஒரு தப்பும் தெரியவில்லை.

ஆகையால் நன்றாகச் சந்தேகப்படுங்கள்.

நல்லம்மா, தூணைவிட்டு வா. சுண்ணக்கட்டி இதோ. உன் கங்காணியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்து, மரத்துக்குள் மட்டும் வேண்டாம்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் குறுக்கே கேட்ட இருளாயி அம்மாவுக்கும், உறங்கிய குழந்தைகளுக்கும், கடைசிவரை கடிகாரத்தைப் பாராத தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. எல்லாருக்கும் வணக்கம்...

கங்காணி மாயாண்டி அவர்களே! ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? அவள் இன்னும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. உட்காருங்கள் ஐயா!